ஊராட்சியும் ஊராரும்

நாஞ்சில் நாடு நெல்வளத்தால் பெயர் பெற்றது. அந்நாட்டு வயல்களுக்கு உயிர்நீர் வழங்கும் அணைகளுள் முதன்மையானது பேச்சிப்பாறை அணை. மேற்குத் தொடர்ச்சி மலையிற் பிறந்து, காட்டையும் பாறையையும் கடந்து இறங்கிவரும் கோதையாற்றின் குறுக்கே அஃது அமைந்துள்ளது. திருவிதாங்கூரை மூலம் திருநாள் மன்னர் ஆண்ட காலத்தில், 1897ஆம் ஆண்டில் அணையின் கட்டுமானம் தொடங்கிற்று. 1906ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. மிஞ்சின் என்னும் ஐரோப்பியப் பொறியாளர் அப்பணியை முன்னின்று நடத்தினார். அவர்தம் கல்லறை இன்றும் அணைக்கு அருகிலேயே உள்ளது. அணையின் முழு நீர்மட்டம் 48 அடி.

அணையின் பெயரே ஊரின் பெயருமாகும். பேச்சிப்பாறை ஊராட்சி, கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றாகிய திருவட்டாறு ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஊரைச் சூழ ரப்பர்த் தோட்டங்களும் காடுகளும் உள்ளன. தோட்டத் தொழிலாளரும், சிறு வணிகரும், மலைக்குடியிருப்புகளில் வாழும் காணிக்காரரும் அவ்வூரின் குடிமக்கள். எல்லோரும் உழைப்பாளிகள், ஓய்வு அறியாதவர்கள். ரப்பர் மரத்திற் பால் வடிக்கும் தொழிலாளி, பொழுது புலருமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்திற்குள் நுழைவார். மரத்திற்கு மரம் நடந்து பட்டையைச் சீவி, வடிந்த பாலைத் திரட்டிக் கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்பும்போது நண்பகல் ஆகிவிடும். அத்தகையோர்க்கு ஒருநாள் அலைச்சல் என்பது ஒருநாட் கூலியின் இழப்பாகும்.

இத்தகைய தொழிலாளி ஒருவரின் தெருக்குழாயில் ஒரு வாரமாக நீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கண்ணெதிரே கடல்போல் நீர் பரந்து கிடக்கின்றது. குடத்திலோ ஒரு துளியும் இல்லை. அவர் என் செய்வார்? நீர் அணையில் இருப்பதனால், அணையைக் காக்கும் அலுவலகத்திற்குச் செல்கின்றார். 'அணையும் பாசனக் கால்வாயுமே எங்கள் பொறுப்பு. தெருக்குழாய் எங்களைச் சார்ந்ததன்று' என்கின்றனர் அங்குள்ளோர். மறுநாள் கிராம நிர்வாக அலுவலரைக் காண்கின்றார். 'நிலமும் பட்டாவும் பற்றிய பணியே எம்முடையது' என்று விடை வருகின்றது. மூன்றாம் நாள் மின்வாரிய அலுவலகம். 'குழாய்க்கு நீரேற்றும் மின்விசைப் பொறிக்கு மின்சாரம் தடையின்றிச் செல்கின்றது. பொறி பழுதானால் நாங்கள் என் செய்வது?' என்கின்றனர். மூவர் கூறியதும் உண்மையே. எவரும் அவரை ஏய்க்கவில்லை. ஆயினும் மூன்று நாட் கூலி போயிற்று, குடம் நிறையவில்லை. தட்டவேண்டிய கதவு எது என்பதை அறியாமையே அதற்குக் காரணம். அந்தக் கதவு ஊராட்சி அலுவலகத்தின் கதவு.

ஆகவே, ஊராட்சி என்பது யாது, அதன் கடமைகள் யாவை, அதனிடம் குடிமக்களுக்குள்ள உரிமை எத்தகையது என்பவற்றை அறிதல் எல்லோர்க்கும் இன்றியமையாதது. ஓய்வில்லாதவர்க்கு அவ்வறிவு இரட்டிப்பாக இன்றியமையாதது.

ஊராட்சியின் தொன்மை

ஊரை ஊராரே ஆளுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, சூது அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். இதுவே குடவோலை முறை. இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களாகப் பிரிந்து ஊர்ப்பணி ஆற்றினர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் அமர இயலாது என்னும் விதி அக்கல்வெட்டில் உள்ளது. ஊர்ப்பணத்திற்குக் கணக்குக் காட்டுதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எத்துணை முதன்மையாகக் கருதப்பட்டது என்பதற்கு அஃது ஒரு சான்று.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. அந்தச் சபையில் இடம்பெறச் சொந்த நிலமும் வீடும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தன. பெண்டிர்க்கும் நிலமற்ற உழைப்பாளர்க்கும் அங்கு இடமில்லை. ஆகவே, இன்றைய ஊராட்சியைப் பழமையின் மறுபதிப்பு எனக் கொள்ளுதல் பொருந்தாது. அதனினும் விரிந்தது இது.

நாஞ்சில் நாட்டிற்கும் இத்தகைய வரலாறு உண்டு. பன்னிரண்டு பிடாகைகளாகப் பிரிந்திருந்த அந்நாட்டில், நாட்டார் என்னும் ஊர்ப் பெரியோர் கூடிப் பொதுச் செய்திகளை ஆராய்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரிக்கொடுமையை எதிர்த்து அவர்கள் கூடித் தீர்மானமும் செய்தனர். பிற்காலத்தில், பேச்சிப்பாறை அணையைக் கட்டுவித்த மூலம் திருநாள் மன்னரே, 1888ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் சட்டமன்றம் ஒன்றை அமைத்தார். 1904ஆம் ஆண்டில் மக்கள் தம் குறைகளை எடுத்துரைப்பதற்கென ஸ்ரீமூலம் மக்கள் சபையைக் கூட்டினார். அணை எழுந்த அதே ஆண்டுகளில், குடிகள் வாய்திறந்து பேசுவதற்கு ஓரிடமும் எழுந்தது. அவ்விடத்திலும் செல்வர்க்கே முதலிடம் இருந்தது. எனினும் வழி திறக்கப்பட்டது.

இன்றைய அமைப்பு

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஈராண்டுகளுக்குப் பின், 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் உருவாயிற்று. ஆயினும், ஊராட்சிகளுக்குத் தேர்தலைக் காலந்தவறாது நடத்துதல் வேண்டும் என்னும் கட்டாயம் அந்நாளில் அரசியலமைப்பில் இல்லை. 1992ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் அக்குறையை நீக்கிற்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெண்டிர்க்கும் பட்டியலினத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் இடஒதுக்கீடு, ஊர்தோறும் கிராம சபை ஆகியவற்றை அது நிலைநாட்டியது. அதனை ஒட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பெண்டிர்க்குரிய பங்கு முதலில் மூன்றில் ஒன்றாக இருந்தது. 2016ஆம் ஆண்டில் அது சரிபாதியாக உயர்ந்தது.

இச்சட்டத்தின்படி ஊரகங்களின் உள்ளாட்சி மூன்று அடுக்குகளை உடையது. அடியில் கிராம ஊராட்சி. நடுவில் ஊராட்சி ஒன்றியம். மேலே மாவட்ட ஊராட்சி. ஆதலின் ஊரகத்து வாக்காளர் ஒருவர் தேர்தல் நாளில் நான்கு வாக்குகள் அளிக்கின்றார். தம் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் ஆகிய நால்வரை அவர் நேரே தேர்ந்தெடுக்கின்றார். ஊராட்சியின் துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுப்பர்.

எவர் பணி எது?

கிராம ஊராட்சி கட்டாயமாகச் செய்ய வேண்டிய பணிகளைச் சட்டமே வகுத்துள்ளது. குடிநீர் வழங்குதல், தெருவிளக்கு எரியச் செய்தல், ஊர்ச்சாலைகளையும் சிறு பாலங்களையும் அமைத்துப் பேணுதல், கழிவுநீர் வடிகால் கட்டுதல், தெருவைத் துப்புரவு செய்து குப்பையை அகற்றுதல், சுடுகாடு இடுகாடுகளைப் பேணுதல் என்பன அவை. இவையன்றி, மரம் நடுதல், படிப்பகம், விளையாட்டிடம், சந்தை முதலியவற்றை அமைத்தல் போன்ற பணிகளையும் தன் பொருள்நிலைக்கு ஏற்ப அது மேற்கொள்ளலாம்.

ஊரில் உள்ள பொருள்கள் யாவும் ஊராட்சிக்கு உரியன அல்ல. பேச்சிப்பாறையில் இவ்வேறுபாடு தெளிவாக விளங்கும். அணை நீர்வளத்துறையின் பொறுப்பு. காடு வனத்துறையின் பொறுப்பு. கோதையாற்றின் நீர்விசையால் மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் மின்துறையைச் சார்ந்தவை. பட்டா, நிலவரி, வருமானச் சான்று ஆகியவை வருவாய்த்துறையின் பாற்பட்டவை. கிராமங்களில் பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்பவரும் கிராம நிர்வாக அலுவலரே. பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத்துறைக்கு உரியவை. பல ஊர்களை இணைக்கும் சாலைகள் சில ஒன்றியத்திற்கு உரியவை. எஞ்சிய தெருக்களும் அவற்றின் விளக்கும் குழாயும் வடிகாலுமே ஊராட்சியின் ஆட்சிக்கு உட்பட்டவை.

ஆதலால், குழாயில் நீர் வாராதபோது முதலில் வார்டு உறுப்பினரிடமோ ஊராட்சிச் செயலரிடமோ அறிவித்தல் வேண்டும். வாயால் சொல்வது காற்றோடு போகக்கூடும். எழுத்தால் அறிவித்துப் பெற்றுக்கொண்டமைக்குச் சான்று வாங்கி வைப்பது நலம். பல நாள் சென்றும் குறை தீராவிடில், திருவட்டாறு ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், அதன்பின் மாவட்ட ஆட்சித்தலைவரிடமும் முறையிடலாம். மாவட்ட ஆட்சித்தலைவரே ஊராட்சிகளின் ஆய்வாளருமாவார். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு, ஊராட்சியின் வரவு செலவு பற்றி எழுத்தில் வினவி, முப்பது நாட்களுக்குள் விடை பெறும் உரிமையும் குடிமக்களுக்கு உண்டு.

ஊர்ப்பணம்

ஊராட்சியின் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது? மூன்று வழிகளில் வருகின்றது. வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் ஆகியவை ஊரார் நேரே செலுத்துபவை. நிலம் விற்கப்படும்போது பெறப்படும் முத்திரைத் தீர்வையின் மேல்வரியிலிருந்து ஒரு பங்கு வருகின்றது. மாநில நிதிக்குழுவும் நடுவண் நிதிக்குழுவும் பரிந்துரைக்கும் மானியம் மூன்றாவது. அரசு தரும் பணமும் மக்கள் வரியினின்றே வருவதாகும். ஆகவே ஊராட்சியின் ஒவ்வொரு காசும் ஊரார் காசே.

ஊராட்சிப் பணத்தைத் தலைவர் ஒருவர் மட்டும் எடுத்துவிட இயலாது. துணைத்தலைவரின் ஒப்புதலும் உடன் வேண்டும். ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை செய்யப்படுகின்றது. உத்திரமேரூர்க் கல்வெட்டு வற்புறுத்திய கணக்குக் காட்டும் கடமை இன்றும் சட்டத்தில் உள்ளது. ஆயின், கணக்கைக் காட்டுவோர் இருந்தாற் போதாது. அதனைக் காண்போரும் இருத்தல் வேண்டும். காண வேண்டியோர் கூடும் இடமே கிராம சபை.

கிராம சபை

கிராம ஊராட்சி மன்றம் வேறு. கிராம சபை வேறு. மன்றம் என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் அமர்வது. கிராம சபையோ, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரையும் உறுப்பினராகக் கொண்டது. அதற்குத் தேர்தல் இல்லை, கட்டணம் இல்லை, சிபாரிசும் வேண்டியதில்லை. ரப்பர்ப் பால் வடிப்பவரும் தேநீர்க் கடைக்காரரும் காட்டில் தேன் எடுக்கும் காணிக்காரரும் அதில் ஒத்த உறுப்பினரே. ஊர் வளர்ச்சித் திட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் ஆராய்ந்து ஏற்றல், தணிக்கை அறிக்கையைப் பார்வையிடுதல், நடைபெறும் பணிகளின் நிலையை வினவுதல் ஆகியவை கிராம சபையின் உரிமைகள்.

சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கிராம சபை கூடிவந்தது. உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22, உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் சேர்க்கப்பட்டு, 2022ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்று வகுக்கப்பட்டது. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளும் நவம்பர் 1 என்பது இங்கு நினைக்கத் தக்கது.

கூட்டம் செல்லுபடியாக வேண்டுமாயின் குறைந்த அளவு வருகை வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராயின் 50 பேர். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேற்பட்டால் 300 பேர் வருதல் வேண்டும். அந்த எண்ணிக்கை இல்லாவிடில் ஊராரின் முடிவு என ஒன்றும் பிறவாது.

கிராம சபையின் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டு ஒடிசா மாநிலத்தில் உண்டு. அங்குள்ள நியமகிரி மலையில் டோங்கிரியா கோந்து என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அம்மலையில் பாக்சைட்டுச் சுரங்கம் தோண்டுவதற்கு ஒரு திட்டம் வந்தது. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில், அது குறித்துக் கிராம சபைகள் ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டா என்றன. திட்டம் நின்றது. எழுத்தறிவு குறைந்த மலைமக்கள் தம் மலையைக் காத்தது படையாலன்று. கூடிப் பேசி எடுத்த முடிவால்.

பேச்சிப்பாறையைச் சூழ்ந்த மலைகளில் வாழும் காணிக்காரர்க்கும் இது பொருந்துவதாகும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, காட்டுநிலத்தில் வழிவழியாக வாழும் பழங்குடியினர் தம் உரிமைக் கோரிக்கையை முதற்கண் வைக்க வேண்டிய இடம் கிராம சபையே.

நேரம் இல்லாதோர் கடமை

'நமக்கு ஏது நேரம்? ஊர்க்காரியத்தை அதற்கென உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்பார் பலர். அவர் கூற்றிலும் ஓர் உண்மை உண்டு. அன்றாடக் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்திற்கு வா என்று எவரையும் எளிதில் அழைத்தல் இயலாது. கிராம சபை நாட்கள் சில விடுமுறை நாட்களாக அமைந்திருப்பதன் பயன் இங்கே விளங்கும். ஆண்டின் 365 நாட்களில் ஆறு நாட்கள், நாளொன்றுக்குச் சில நாழிகை. இவ்வளவே ஊர் ஒருவரிடம் கேட்பது. ஆறு நாட்களும் வர இயலாதவர் ஒருநாளேனும் வரலாம். அதுவும் இயலாதவர் அண்டை வீட்டாரிடம் தம் குறையை எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.

தேர்ந்தெடுக்கப்பட்டோர் எந்நாளும் இருப்பர் என்றும் எண்ணுதற்கில்லை. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழகத்து ஊராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் வழக்குகளால் தடைப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாகத் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். நடுவண் நிதிக்குழுவின் மானியத்தில் ஒரு பகுதியும் அக்காலத்தில் தடைப்பட்டது. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் கன்னியாகுமரி உட்பட 27 மாவட்டங்களில் தேர்தல் நடைபெற்றது. அங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலமும் 2025ஆம் ஆண்டு சனவரியில் முடிவுற்று, மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.

இதனால் அறிவது யாது? மன்றத்திற்குக் காலவரை உண்டு. அஃது இல்லாத காலமும் நேரும். கிராம சபைக்கோ காலவரை இல்லை. தலைவர் மாறுவார், உறுப்பினர் மாறுவர், அலுவலர் இடம் மாறிச் செல்வர். ஊரில் மாறாது நிலைத்திருப்போர் ஊராரே. ஆகவே ஊராட்சியின் நிலையான உறுப்பு, நேரம் இல்லை என்று ஒதுங்கி நிற்கும் அந்த உழைப்பாளியே ஆவார். அவர் வாராத சபையில் வந்தவர் சொல்லே ஊர்ச்சொல்லாகிவிடும். அவர் தெருவின் குழாய் அச்சொல்லில் இடம்பெறாமற் போனால், அதற்கு வந்தவரைக் குறைகூறுதல் முறையன்று.

மாணவர்க்கு வாக்குரிமை இன்னும் வரவில்லை. ஆயினும் எழுத்தறிவு வந்துவிட்டது. ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையைப் படித்துக் கூட்டம் நடைபெறும் நாளையும் இடத்தையும் வீட்டாருக்குச் சொல்லுதல், தந்தையோ தாயோ சொல்லும் குறையைப் பிழையின்றி மனுவாக எழுதித் தருதல், வீட்டுவரி இரசீதைப் பத்திரமாக வைத்தல் ஆகியவை மாணவர் இன்றே செய்யத்தக்க ஊர்ப்பணிகள். முதலிற் கண்ட அத்தொழிலாளியின் வீட்டில், எந்தக் கதவைத் தட்டுவது என்று அறிந்த பிள்ளை ஒன்று இருந்திருப்பின், மூன்று நாட் கூலி வீணாகியிராது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது பழமொழி. வடத்தைத் தொடுவோர் பலராயின் ஒவ்வொருவர் கையிலும் விழும் சுமை சிறிது. ஊராட்சியும் அத்தகையதே.

பயிற்சி

1. அணைக்கு அருகில் வாழ்ந்தும் தொழிலாளியின் குடம் நிறையாமைக்குக் காரணம் யாது?
2. குடவோலை முறையை விளக்கி, அதன் சிறப்பையும் குறையையும் எழுதுக.
3. கிராம ஊராட்சியின் கட்டாயப் பணிகள் யாவை?
4. ஊராட்சி மன்றத்திற்கும் கிராம சபைக்கும் உள்ள வேறுபாடுகளைக் கூறுக.
5. உங்கள் தெருவில் விளக்கு எரியாமை குறித்து ஊராட்சித் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.
6. 'ஊரில் மாறாது நிலைத்திருப்போர் ஊராரே' என்பதனை ஒரு பக்க அளவில் விளக்குக.